வேவுக் கண்ணாடியில் ஒரு பையன்

கண்ணாடியில் தெரிந்த பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். அவன் செத்து முந்நூறு வருஷம் ஆகியிருந்தது. அப்படித்தான் சில்லு உறுதியாக நம்பினாள்.

சில்லுவுக்குப் பத்து வயது. ஐஸ் கட்டியைக் கடித்தே தின்று காட்டுகிறேன் என்று ஒருமுறை பள்ளியில் பந்தயம் கட்டினாள். ஜெயித்தும் விட்டாள். ஆனால் முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் சில்லுதான். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் வேறு ஏதோ பெயர் இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பல வருஷமாகச் சாக்குக் கிடங்காகப் பூட்டிக் கிடந்த வீடு. கீழே அப்பாவின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறை, மேலே குடியிருப்பு. சுவர்கள் இரண்டு முழம் தடிமன் இருக்கும். தெருவில் லாரி போனாலும் உள்ளே கேட்காது. பட்டப்பகலிலும் நடைவழியில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்ததே அத்தைதான். அப்பாவின் அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வேலை இல்லாத நாட்களில் மற்றவர்கள் தூங்குவார்கள். அத்தை பழைய ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் செல்லரித்த பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவர்களுடைய குடும்பத்தின் முதல் ஆள், கப்பலேறி வந்து இந்த வீட்டைக் கட்டிய ஒரு டச்சுத் துணி வியாபாரி. அவருடைய காலத்துப் பதிவேடுகளைப் படிப்பதற்காகவே அத்தை டச்சு எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்ததையெல்லாம் நடைவழியின் கடைசிச் சுவரில் ஒட்டி வைத்தார். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டிச் செய்த பெரிய வரைபடம் அது. உச்சியில் வியாபாரி. அவருக்குக் கீழே இரண்டு மகன்கள். மூத்தவனிடமிருந்து கோடு இறங்கி, கிளை பிரிந்து, அப்பாவைத் தொட்டு, கடைசியில் சில்லுவிடம் வந்து நின்றது.

சின்ன மகனுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒரு சிலுவைக் குறி மட்டும் இருந்தது.

"பாவம்," என்றார் அத்தை, நோயாளியின் அட்டையைப் படிக்கிற குரலில். "1719. வயசு ஒன்பது. விஷக்காய்ச்சல். இந்த வீட்லதான் போயிருக்கான். எந்த ரூம்னுதான் தெரியல."

"அத்தை, அது தெரியாமலே இருக்கட்டும்," என்றாள் சில்லு.

சில்லுவின் அறை ஜன்னல் ஒரு குறுகிய சந்துப் பக்கம் திறந்தது. எதிரே வேறொரு கிடங்கின் சுவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி.

"வேவுக் கண்ணாடி!" என்று அதைப் பார்த்ததும் அத்தை குதிக்காத குறைதான். "டச்சுக்காரங்க மாடி ஜன்னல்ல இதை மாட்டுவாங்க. உள்ள உக்காந்துக்கிட்டே வெளிய யாரு வர்றாங்கன்னு பார்த்துடலாம். பிடிக்காதவங்க வந்தா கதவையே திறக்க வேணாம்."

"அப்ப இது வாசலைத்தானே பார்க்கணும்? ஏன் சந்துப் பக்கம் பார்க்குது?"

அது அத்தைக்கும் தெரியவில்லை.

முதல் மூன்று வாரம் அந்தக் கண்ணாடியில் அழுக்குச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, நான்கு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். கண்ணாடியில் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலில் ஒரு முகம் இருந்தது.

பையன். வெளிறிய முகம். தலை வாரவில்லை. அவன் நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில்லு எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெறும் சுவர். ஜன்னல் என்று ஒன்று இல்லவே இல்லை.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். ஜன்னல் இருந்தது. முகமும் இருந்தது.

ஜன்னலை அறைந்து சாத்தினாள். அன்றைக்குக் கணக்கு வீட்டுப்பாடத்தைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே முடித்தாள்.

மறுநாளும் நான்கு மணிக்கு அவன் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்தான். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை, பொறுக்க முடியாமல் பட்டறைக்கு ஓடினாள்.

"அப்பா, அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு பையன் இருக்கான்."

அப்பா வாயில் கவ்வியிருந்த ஸ்குரூவை எடுத்தார். "அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாதேம்மா. ஆனா அந்தக் கம்பி துருப்பிடிச்சு ஆடிட்டிருக்கு. எவன் தலையிலயாவது விழறதுக்குள்ள, சனிக்கிழமை கழட்டித் தூக்கிப் போட்டுடறேன். சரியா?"

சில்லுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதுவரை என்ன செய்வது? அப்பாவின் சாக்ஸ் ஒன்றை எடுத்து, ஒட்டடைக் கோலின் நுனியில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியின் மேல் போர்த்தினாள். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் தண்ணீர் குடிக்க நடைவழியில் வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

பிறகு எதையோ தரையில் இழுக்கிற சத்தம்.

டொக்.

சத்தம் கடைசிச் சுவரிலிருந்து வந்தது. அங்கே அத்தையின் வரைபடத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. சில்லு அடிமேல் அடி வைத்துப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. தாளின் மேல் காதை வைத்தாள்.

சத்தம் நின்றுவிட்டது. சுவரின் அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது. அவள் காதுக்கு நேராக இன்னொரு முறை "டொக்" என்று கேட்டது. காதை எடுத்துப் பார்த்தாள். அவள் காது வைத்திருந்த இடத்தில்தான் சின்ன மகனின் சிலுவைக் குறி இருந்தது.

சமையலறைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை.

"எலியா இருக்கும்," என்றார் அம்மா.

"எலி செருப்பு போட்டுக்கிட்டா நடக்கும்?"

"இந்தக் காலத்து எலிக்கு என்ன குறைச்சல்?" என்று அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் ஏதோ நடத்திக்கொண்டிருந்தார். சில்லுவின் காதில் ஏறவில்லை. ஒன்பது வயது. அவளைவிட ஒரு வகுப்பு கீழே. காய்ச்சலில் செத்துப்போய், முந்நூறு வருஷமாக அந்த ஜன்னலில் தனியாக நிற்கிறான். வீடு பூட்டியே கிடந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண் கண்ணில் படுகிறாள். அவள் என்ன செய்தாள்? அவன் முகத்தில் சாக்ஸைப் போட்டு மூடினாள். அதுவும் துவைக்காத சாக்ஸ்.

நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமும் இருந்தது, ஆனால் வெட்கம் கொஞ்சம் அதிகம். நாளை மறுநாள் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அப்புறம் அவனை யாருமே பார்க்க மாட்டார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அன்று நான்கு மணிக்கு, ஒட்டடைக் கோலால் சாக்ஸைத் தள்ளிவிட்டாள். அவன் இருந்தான்.

சில்லு பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி ஆட்டினாள்.

பையன் தூக்கிவாரிப் போட்ட மாதிரி பின்னால் சாய்ந்தான். முகம் மறைந்தது. ஜன்னல் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் மெதுவாக எழுந்து வந்து ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தான். அதில் என்னவோ எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, பார்த்த எந்த மொழியிலும் சேராமல் இருந்தது.

சில்லுவின் மூளை வேலை செய்தது. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் கண்ணாடியைப் பார்த்தாள். எழுத்துகள் நேராகின.

*நீ எப்போ செத்தே?*

சில்லு கண்ணாடியைக் கீழே வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, நான் உனக்குத் தெரியறேனா?"

"நல்லாத் தெரியறே. கொடியில காயற துணியை எடுத்து வெச்சியான்னு தெரியல."

"என்னைத் தொட்டுப் பாரேன்."

அம்மா ஈரக் கையால் அவள் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது. சில்லு நிம்மதியாக அறைக்குத் திரும்பினாள்.

இப்போது அவளுக்குத் தெளிவாக யோசிக்க முடிந்தது. செத்தவன் உயிரோடிருப்பவளைப் பார்த்து ஏன் இப்படிக் கேட்க வேண்டும்? இன்னொன்று. அந்த எழுத்து ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. டச்சு வியாபாரியின் மகனுக்கு 1719-இல் ஸ்கெட்ச் பேனாவை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

*நான் சாகல. நீ எங்கே இருக்கே?* என்று பெரிதாக எழுதிக் கண்ணாடிக்குக் காட்டினாள். ஆனால் பையன் போய்விட்டிருந்தான். யாரோ அந்த ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையும் அது சாத்தியே இருந்தது. நாளைக்குச் சனிக்கிழமை.

சில்லு நடைவழியின் முன்பக்கத்திலிருந்து கடைசிச் சுவர் வரை காலடியால் அளந்தாள். இருபத்திரண்டு அடி வந்தது. பிறகு கீழே இறங்கி, பக்கத்துத் தெரு வழியாக வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி அளந்துகொண்டே நடந்தாள். இருபத்திரண்டு. சுவர் முடியவில்லை. முப்பது. அதே தடிமன், அதே காரை. நாற்பத்தொன்றில்தான் மூலை வந்தது.

அவர்களுடைய வீடு முடிந்த பிறகும் வீடு இருந்தது.

மூலையைத் திரும்பினாள். அங்கே பின்தெருவில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. உள்ளே நாற்பது வயது மனிதர் ஒருவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை காப்பி?"

"காப்பி வேணாம் அங்கிள். நான் முன்னாடி வீட்லேர்ந்து வர்றேன்."

அவர் கை அப்படியே நின்றது. "முன்னாடி வீட்ல யாரும் கிடையாதே. அது சாக்குக் கிடங்கு."

"நாங்க வந்து ஒரு மாசமாச்சு."

மேலேயிருந்து சத்தம் கேட்டது. டொக். இழுக்கிற சத்தம். டொக். மரப்படிக்கட்டில் அது ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. சில்லு கடையின் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு ஊன்றுகோல் தெரிந்தது. அப்புறம் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்ட கால். அப்புறம் தலை வாராத, வெளிறிய முகம். சில்லுவைக் கண்டதும் அவன் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா," என்றான். "இவ உங்களுக்கும் தெரியறாளா?"

"தெரியறாளே."

"பல்லு உடைஞ்சிருக்கே, அது?"

"அதுவும்தான்டா தெரியுது. ஏன்?"

அவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கால் உடைந்து, மாடி அறையில் படுத்துப் பதினைந்து நாளாகிறதாம். நண்பர்கள் யாரும் வருவதில்லையாம். நான்கு மணிக்குக் கண்ணாடியில் தெரிகிற பெண் மட்டும்தான் துணையாம்.

"நீ செத்தவதான்னு நெனச்சேன். ஆனாலும் தினமும் வந்தியா, பரவாயில்லன்னு இருந்துச்சு. திடீர்னு ரெண்டு நாள் வரல. நீ முழுசாவே போயிட்டேன்னு நெனச்சு அழுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப இல்ல, கொஞ்சமா," என்றான். "நேத்து தாளைக் காட்டினதும் பயம் வந்து நானே ஜன்னலைச் சாத்திட்டேன்."

சில்லுவுக்கு அந்தச் சாக்ஸ் ஞாபகம் வந்தது. "நான் செத்தவள்னு ஏன் நெனச்சே?"

"முன்னாடி வீட்ல இருந்த மூத்தவரோட குடும்பமே கப்பல்ல முழுகிப் போச்சுன்னு அப்பா சொல்லியிருக்கார். நாங்க சின்னவரோட வம்சம். எங்களுக்குன்னு வேற யாரும் இல்ல."

சில்லு அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சிட்டாகப் பறந்து போய், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வெள்ளைச் சீருடையைக்கூட மாற்றாத அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அத்தை ஒரே மூச்சில் மறுத்தார். "சின்னவருக்கு வம்சமே கிடையாது. பதிவேட்டை என் கண்ணால பார்த்தேன். ஒன்பது வயசுலயே போயிட்டான்."

ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ஒரு வெள்ளிக் கரண்டி. பிள்ளை பிறந்ததும் செய்து கொடுத்த கரண்டி அது. காம்பின் பின்புறம் பெயரும் பிறந்த தேதியும் பொறித்திருந்தன. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக அதில்தான் மருந்து குடிப்பார்களாம். அதை வைத்திருந்தவர்களின் பெயர்கள் மூடியின் உட்புறத்தில் வரிசையாக எழுதியிருந்தன.

அத்தை பெயரைப் படித்தார். அவர் முகம் சீருடை நிறத்துக்கு வந்தது. "இது அவனேதான். அந்தச் செத்த பையன் பேரு."

பின்னால் ஜெராக்ஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

சில்லு கரண்டியின் மேல் குனிந்தாள். டச்சு எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் எண் தெரியுமே! "அத்தை, இங்க 1721-னு போட்டிருக்கு. 1719-ல செத்தவன் 1721-ல எப்படிப் பொறப்பான்? இது வேற பையன். இவங்க ரெண்டு பேரு அத்தை! ஒரே பேரு!"

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ஒரு பிள்ளை போயிட்டா, அடுத்துப் பொறக்கிற பிள்ளைக்கு அதே பேரை வைக்கிறது டச்சுக்காரங்க வழக்கம்! எனக்குத் தெரியும்! தெரிஞ்சும், சாவுப் பதிவைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிட்டு வந்துட்டேன். இத்தனை வருஷமா நர்ஸ் வேலை பார்க்கிறேன், நாடி பிடிச்சுப் பாக்காமலே ஒரு குடும்பத்தையே போயிட்டாங்கன்னு எழுதிட்டேனே!"

"நாங்களும் உங்களைக் கப்பலோட முழுகடிச்சிட்டோமே," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

சனிக்கிழமை காலையில் பையனைச் சில்லுவின் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நடைவழியில் வரைபடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சுவரின் அந்தப் பகுதி, பழைய கதவு ஒன்றைச் செங்கல்லால் அடைத்த இடம் என்று அப்பா தட்டிப் பார்த்துச் சொன்னார். அடைப்புக்கு அந்தப் பக்கம் பையன் வீட்டு நடைவழி. சந்தில் இதே வீட்டுச் சுவர் கொஞ்சம் தள்ளி உள்ளடங்கியிருந்த இடத்தில்தான் அவனுடைய ஜன்னல் இருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு மட்டும் அது தெரியும்.

அத்தை அழி ரப்பரை எடுத்துச் சிலுவைக் குறியை அழிக்கப் போனார்.

"வேணாம் அத்தை," என்றாள் சில்லு. "அந்தப் பையனும் இருந்தான்ல? அவன் அங்கயே இருக்கட்டும்."

அத்தை ரப்பரைக் கீழே வைத்தார். பிறகு, செத்த பையனுக்குப் பக்கத்தில் அதே பெயரை இன்னொரு முறை எழுதினார். பெட்டி மூடியைப் பார்த்துப் பார்த்து அதிலிருந்து கோட்டை இறக்கினார். "என்ன இது, ஒவ்வொரு தலைமுறைக்கும் இத்தனை வருஷ இடைவெளி?"

"எங்க வீட்ல எல்லாருக்குமே கல்யாணம் லேட்டாத்தான் ஆகும்," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர் சங்கடமாக.

கோடு பையனிடம் வந்து நின்றது. அத்தை விரல் விட்டு எண்ணினார். சில்லு பத்தாவது தலைமுறை. பையன் ஒன்பதாவது. இன்னொரு முறை எண்ணினார். மாறவில்லை.

"அப்ப நான் இவளுக்கு என்ன வேணும்?" என்றான் பையன்.

அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ எனக்கும் இவ அப்பாவுக்கும் தம்பி முறை. அப்ப இவளுக்குச் சித்தப்பா."

"சித்தப்பாவா? நான் இவனைவிட ஒரு வயசு பெரியவ!" என்று கத்தினாள் சில்லு.

"உன் பாடு பரவாயில்ல," என்றார் அத்தை, தன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டு. "நான் இந்த ஜெராக்ஸ் கடைக்காரரை இனிமே சித்தப்பான்னு கூப்பிடணும். உனக்கு அவரு தாத்தா."

நாற்பது வயதுத் தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே, யாரும் பார்க்காத மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டார். பையன் வரைபடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அத்தனை பெயர்களையும் பார்த்தான். "அப்பா, நமக்கு யாருமே இல்லன்னு சொன்னீங்க," என்றான்.

அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றப் போனார். சில்லு பார்த்த பார்வையில், கழற்றாமல் முறுக்கி இறுக்கிவிட்டு வந்தார்.

எல்லோரும் படியிறங்கிப் போனபோது சில்லு மட்டும் பின்தங்கினாள். நடைவழியில் இருட்டும் அமைதியும் இருந்தன. சிலுவைக் குறிக்கு நேராக நின்று, யாருக்கும் தெரியாமல், ஒரு தடவை கையை ஆட்டினாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த காற்று பட்ட மாதிரி இருந்தது. காற்று வர அங்கே வழியில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்; ஆனால் ஓடவில்லை.

கீழே அப்பா பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவன் மேலேயிருந்து குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கண்ணாடிக்கு வருவியா?"

"வருவேன். ஆனா கால் சரியாகிற வரைக்கும்தான் அதெல்லாம்," என்ற சில்லு, வீட்டுக் கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் வாசல் வழியா வாங்க, சித்தப்பா."